வாயைப் பொத்தும் கை

வாய்விட்டுச் சிரிக்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை. சிலருக்கு அது உதட்டில் நிற்கும். சிரிப்பு கிளம்பியதும் கை வாய்க்குப் போய்விடும். இல்லாவிட்டால் புடவைத் தலைப்பு, துப்பட்டா, தோள் துண்டு. சிலருக்குத் தொண்டையில் நிற்கும். சத்தம் வருமுன்பே தொண்டையை இறுக்கிவிடுவார்கள், மூக்கு வழியாகக் காற்று பீறிடும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். சிலர் வயிற்றிலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். தோள் மட்டும் குலுங்கும். இன்னும் சிலருக்குக் கிளம்புவதே இல்லை. "நல்லா இருந்துச்சு" என்று வாயால் சொல்வார்கள், கைபேசியில் கண்ணீர் விட்டுச் சிரிக்கும் பொம்மையை நாலைந்து அனுப்புவார்கள், முகம் அசைந்திருக்காது. நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்குச் சொல்லும் வழி இன்னொன்றுக்குச் சரிவராது. ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கு எது என்று தெரிந்துவிடும். வீட்டில் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும்; அவர்கள் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உதட்டில் நிற்பவர்களிடம் பல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். தெற்றுப்பல், முன்பல் இடைவெளி, வெற்றிலைக் கறை என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் தங்கிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் கேலி கேட்ட பிள்ளை ஐம்பது வயதிலும் உதட்டை மூடியே சிரிக்கும். அவரிடம் "கூச்சப்படாம சிரிங்க" என்று சொல்வதைவிட, நல்ல பல் மருத்துவரைக் காட்டுவது மேல். வெற்றிலைக் கறை பெரும்பாலும் ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்தாலே போய்விடும். ஃபுளோரைடு திட்டுக்கு மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுப்பது, பல் நிறத்திலேயே பூச்சு வைப்பது என்று வழிகள் உண்டு.

பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களின் தொல்லை வேறு. பல் எடுத்த இடத்தில் ஈறுக்கு அடியிலுள்ள எலும்பு வருடா வருடம் தேயும், செட் தளரும். வாயைத் திறந்தால் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே தாத்தா சிரிப்பதை நிறுத்தியிருப்பார். வீட்டில் எல்லாரும் "வயசாச்சு, மனுசன் சிடுசிடுன்னு ஆயிட்டார்" என்று முடிவு கட்டியிருப்பார்கள். செட்டின் உட்பக்கத்தை இப்போதைய ஈறுக்கு ஏற்றபடி நிரப்பித் தர முடியும். பல நேரங்களில் புது செட்டுக்கே தேவை வராது.

பல்லில் குறை ஒன்றுமில்லை, வெறும் பழக்கம்தான் என்றால் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். தொடையில் தட்டலாம், மேசை விளிம்பைப் பிடிக்கலாம், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடிக்கலாம். "கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் கவனமெல்லாம் கையில் இருக்கும், சிரிப்பு போய்விடும்.

மூச்சிலிருந்து தொடங்குவது

சிரிப்பு வெளியே போகும் மூச்சில் நடக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அந்த மூச்சைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு 'ஹா'. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் புரோவைன் சிரிப்பொலியைப் பதிவுசெய்து அளந்தார். ஒரு 'ஹா'வின் நீளம் ஏறத்தாழ 75 மில்லி விநாடி. ஒன்று தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்க ஏறத்தாழ 210 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடிக்குள் நாலைந்து 'ஹா'. இதில் பெரிய குரலுக்கு வேலையே இல்லை. தொண்டை திறந்திருக்க வேண்டும், வயிறு விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தொண்டையில் நிற்பவர்களும் வயிற்றில் நிற்பவர்களும் பழக வேண்டியது இந்த இரண்டைத்தான்.

காலையில் வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். இடுப்பில் இறுக்கமான பெல்ட், நாடா இருந்தால் தளர்த்துங்கள். வயிற்றை எக்கிப் பழகியவர்களுக்கு இது முக்கியம். முழங்காலை லேசாகத் தளர்த்தி நின்று, ஒரு கையைத் தொப்புளுக்கு மேலே வையுங்கள். மூக்கால் மூன்று எண்ணும் வரை மூச்சை இழுங்கள். பிறகு நாள் முழுக்க உழைத்துவிட்டு உட்காரும்போது 'ஹாஆ...' என்று ஒரு பெருமூச்சு வருமே, அப்படி ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து முறை. தோள் மேலே ஏறினால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறது என்று பொருள். கை வைத்த இடம் முன்னே வந்து உள்ளே போக வேண்டும்.

அடுத்து அதே பெருமூச்சை நாலாக வெட்டுங்கள்: ஹா, ஹா, ஹா, ஹா. ஒவ்வொன்றுக்கும் வயிறு ஒரு முறை உள்ளே துள்ள வேண்டும். சத்தம் பேச்சுக் குரலைத் தாண்ட வேண்டாம். இது சீராக வந்தபிறகு வேகத்தைக் கூட்டி ஒரு மூச்சில் ஆறு, எட்டு என்று போகலாம். 'ஹோ'விலும் 'ஹீ'யிலும் செய்து பாருங்கள். ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஒன்று லகுவாக வரும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, எடுத்ததுமே உரக்கத் தொடங்குவது. அப்போது காற்றுக்குப் பதில் தொண்டை வேலை செய்கிறது, சிரிப்பு 'ஆ ஆ' என்று முட்டிக்கொண்டு வெளிவரும், மறுநாள் குரல் கட்டும். காற்று முதலில், ஒலி அதன் மேல். இன்னொன்று, இடைவெளி விடாமல் திரும்பத் திரும்பச் செய்வது. மூச்சு அளவுக்கு மேல் ஓடினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். பயப்பட வேண்டியதில்லை. உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். அடுத்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் இரண்டு மூச்சு சும்மா இருங்கள்.

இடம்தான் பலருக்குச் சங்கடம். ஒட்டிய சுவர் வீடுகளில் காலை ஆறு மணிக்கு யாராவது 'ஹா ஹா' என்றால் பக்கத்து வீட்டில் கதவு திறக்கும். குளியலறையில் குழாயைத் திறந்து வாளி நிறையும் நேரத்தில் செய்யலாம். மாலையில் மொட்டை மாடி. கடலோரம் வசிப்பவர்களுக்கு அலைச் சத்தம் நல்ல துணை. அதன் எதிரில் நின்று பழகியவர்கள் வெகு சீக்கிரம் குரல் விடுகிறார்கள்.

பூங்காவில் நடப்பது என்ன

ஊர் ஊராகப் பூங்காக்களில் பெரியவர்கள் வட்டமாக நின்று கைதட்டிச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது மும்பையில் தொடங்கியது. 1995 மார்ச் 13 அன்று மதன் கட்டாரியா என்ற மருத்துவர் அந்தேரி லோகண்ட்வாலா பகுதிப் பூங்காவில் ஐந்து பேரோடு ஆரம்பித்தார். முதலில் ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல ஜோக்குகள் தீர்ந்தன. மிஞ்சியவை ஆபாசமாகவும் பிறரைக் குத்துவதாகவும் போயின, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அப்போதுதான் ஜோக்கே வேண்டாம், காரணமில்லாமல் சிரிப்போம் என்று முறையை மாற்றினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பொய்யாகச் சிரிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அது மெய்யாகிவிடுகிறது என்பதுதான் அந்த முறையின் அச்சாணி. மே மாதத்து முதல் ஞாயிறு இப்போது உலகச் சிரிப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஒரு நல்ல வகுப்பு அரை மணி நேரத்துக்குள் முடியும். 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்று தாளம் போட்டுக் கைதட்டல், ஆழ்ந்த மூச்சு, பிறகு அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று சின்னச் சின்னச் சிரிப்புப் பயிற்சிகள். வணக்கம் சொல்லி எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. இரண்டு டம்ளரில் மோர் ஆற்றிக் குடிப்பதுபோல் பாவனை செய்து, அண்ணாந்து சிரிப்பது ஒன்று. நாக்கை நீட்டிச் சிங்கம்போல் சிரிப்பது ஒன்று. நாக்கு வெளியே இருக்கும்போது தொண்டையை இறுக்குவது கடினம் என்பதால் தொண்டையில் நிற்பவர்களுக்கு இந்தச் சிங்கம்தான் மருந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்க இடம் விட வேண்டும்.

சேருமுன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். ஆட்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறார்களா, அல்லது எல்லாரும் நடத்துபவரையே பார்த்து ஒப்பிக்கிறார்களா? இரண்டாவது என்றால் அது வெறும் கத்தல் பயிற்சியாகத்தான் முடியும். வட்டம் மிகப் பெரிதானாலும் இதே கதிதான். தயங்கி நிற்பவரை நடுவில் இழுத்துவிட்டு "நீங்க சிரிங்க பார்ப்போம்" என்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

ஆள் வேண்டும்

புரோவைன் கண்டதில் மிக முக்கியமானது இது: தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிரிப்புகளை அவருடைய குழு குறித்துவைத்தது. சிரிப்புக்கு முந்தைய வார்த்தைகளில் ஜோக் என்று சொல்லத்தக்கவை 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் "சரி, நாளைக்குப் பார்ப்போம்", "நீயா இது?" போன்ற சாதாரணப் பேச்சு. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்திருக்கிறார். ஆகவே "எனக்கு நகைச்சுவை உணர்வு குறைவு" என்று வருந்துகிறவர்கள் அந்தக் கவலையை விட்டுவிடலாம். உங்கள் நாளில் எதிரில் உட்கார்ந்து பேசும் ஆட்கள் எத்தனை பேர் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் உடனே செய்யக்கூடியது, காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றுவது. ஒரே அறையில் நாலு பேர், நாலு கைபேசி, நாலு நகைச்சுவைக் காட்சி. ஒருவரும் சத்தமாகச் சிரிக்கவில்லை என்பது இப்போது சாதாரணக் காட்சி. அதையே டிவியில் போட்டு, விளக்கை அணைக்காமல், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும்படி உட்கார்ந்து பாருங்கள். 2011இல் பிரிட்டன் உளவியலாளர் ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கூடிச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. அந்தப் பலன் மூச்சை வெளித்தள்ளும் தசை உழைப்பிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கணிப்பு. நம் வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. வடிவேலு, கவுண்டமணி வசனங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பால் பொங்கி வழிந்த நேரத்தில் பொருத்தமான ஒரு வரியை யாராவது எடுத்துவிட்டால் வீடே சிரிக்கும். அந்த வரியை நீங்களே எடுத்துவிடத் துணியுங்கள். முதலில் சிரிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேலி செய்ய உரிமையுள்ள முறைகளை நம் உறவுமுறை ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. மாமன் மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள், தாத்தா பேரன். அப்பாவிடம் வாய் திறக்காத பையன் தாய்மாமனிடம் உருண்டு புரண்டு சிரிப்பான். நலங்குப் பாட்டில் சம்பந்தி வீட்டையே கிண்டல் செய்யலாம், யாரும் கோபிக்கக் கூடாது. நகரத்துக்கு வந்து தனிக்குடித்தனமான வீட்டில் இந்த ஆட்கள் இல்லை. மிஞ்சியிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கண்டிக்கும் முறையில் இருப்பவர்கள். அதனால் வாரம் ஒரு முறை அந்த மச்சானுக்கோ அத்தை மகளுக்கோ போன் போட்டுப் பேசுங்கள். செய்தி தட்டுவது இதற்கு உதவாது, குரல் கேட்க வேண்டும். அவர்கள் சிரிப்புதான் உங்களுடையதைக் கிளப்பும்.

அதே கேலிதான் பலருடைய சிரிப்பைக் கெடுத்ததும். நகை பிறக்கும் நாலு இடங்களைத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று சொல்கிறது. எள்ளல்தான் முதலில் நிற்கிறது. நிறம், உடம்பு, குழந்தையில்லாமை, சம்பளம் என்று எள்ளப்பட்டே வளர்ந்தவருக்குப் பக்கத்து மேசையில் யாராவது சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தானோ என்று நெஞ்சு பதறும். அவரை ஜோக் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள். யாரையும் குறிவைக்காத சிரிப்பிலிருந்து அவர் தொடங்கட்டும்: கைக்குழந்தையோடு கண்ணாமூச்சி, நாய்க்குட்டியின் சேட்டை, பேசும்போது நாக்குப் புரண்ட ஒரு சொல். வீட்டில் நிறம், உடம்பு, குழந்தையில்லாமை, சம்பளம் என்ற நாலையும் கேலிக்கு அப்பால் வைத்துவிட்டால் சிரிப்பு குறையாது, கூடும்.

பெண்களுக்கு இதற்கும் மேல் ஒரு பூட்டு. "பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு" என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. "பல்லக் காட்டாத", "என்ன கெக்கேபிக்கேன்னு", "ரொம்பச் சிரிச்சா அப்புறம் அழுவ" என்று பத்து வயதில் கேட்டது நாற்பதிலும் தொண்டையை இறுக்குகிறது. பெண்கள் மட்டும் கூடும் இடங்களில், வேலை முடிந்த பின்னேரத்தில், முதலில் குரல் விட்டுப் பழகுவது எளிது. அங்கே லகுவான பிறகு ஆண்கள் இருக்கும் கூடத்தில் அதே சிரிப்பு தானாக வரும். சிரித்து முடித்ததும் "ஐயோ, சாரி" என்று சொல்கிற வழக்கத்தை மட்டும் விடாப்பிடியாக நிறுத்துங்கள். மகள் சிரிக்கும்போது அந்த மூன்று வாக்கியங்களில் எதுவும் உங்கள் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை மூன்று நாலு மாதத்திலேயே சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது; நாம் சொல்லிக் கொடுப்பது நிறுத்துவதை மட்டும்தான்.

வெளியே சொல்லாத காரணம்

பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கும் வயதிலும், பல பெண்கள் சிரிப்பை அடக்குவதற்குக் காரணம் சிறுநீர்க் கசிவு. சிரிக்கும்போதும் தும்மும்போதும் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்குகிறது, தளர்ந்த இடுப்படித் தசை அதைத் தாங்குவதில்லை. இதைக் கணவரிடமோ டாக்டரிடமோ சொல்லாமல், சிரிப்பு வரும் இடங்களையே தவிர்த்துவிடுகிறவர்கள் உண்டு. இதற்குப் பயிற்சி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. வாயு பிரியாமல் அடக்கும்போது இறுகும் தசையை ஐந்து எண்ணும் வரை மேல்நோக்கி இறுக்கி, ஐந்து எண்ணும் வரை முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகினால் தவறான தசை வேலை செய்கிறது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி இதைப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். தசை பிடிபட்டதும், சிரிப்பு கிளம்பும் கணத்தில் அதை ஒரு முறை இறுக்கக் கற்றுக்கொண்டால் கசிவு வெகுவாகக் குறையும். மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

வயிற்று அறுவை ஆனவர்கள், சிசேரியன் ஆனவர்கள் தையல் ஆறும்வரை தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரிக்கலாம், வலி குறையும். குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் கண் அறுவை உள்ளவர்கள் பூங்கா வகுப்பில் சேருமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிரித்தால் இருமலும் இழுப்பும் வருகிறதென்றால் ஆஸ்துமா சரியாகக் கட்டுப்படவில்லை என்று பொருள். மருந்தைச் சரிபார்க்க வேண்டும். சம்பந்தமே இல்லாமல் கட்டுப்படுத்த முடியாத சிரிப்பு வந்தால், குறிப்பாகப் பக்கவாதத்துக்குப் பின், நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு சிரித்த எதற்கும் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சிரிப்பே வரவில்லை, எதிலும் பிடிப்பும் இல்லை என்றால் அது கூச்சம் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். சிரிப்புப் பயிற்சியைத் திணிக்காமல் மருத்துவ உதவி நாடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். "ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, அதான் ஆரம்பிக்கறதே இல்ல" என்று சொல்கிறவர்கள் நிறைய. சிரிப்பு வெளிமூச்சில் நடப்பதால் உள்மூச்சுதான் அதன் கடிவாளம். மூக்கால் மெதுவாக இழுத்து, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல நீளமாக விடுங்கள். கூடச் சிரிப்பவர் கண்ணைப் பார்க்காதீர்கள். சுவரில் காலண்டர் தேதி, மேசையில் பேனா என்று அசையாத ஒன்றில் பார்வையை நிறுத்துங்கள். தொண்டையை இறுக்கியோ உதட்டைக் கடித்தோ அடக்கப் பார்த்தால் அழுத்தம் கூடி இன்னும் பலமாக வெடிக்கும். இரண்டு மூன்று சுற்று மூச்சில் அடங்கிவிடும். கூட்டமோ துக்க வீடோ முடிந்து வெளியே வந்ததும் அந்த நண்பரைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து சிரித்துத் தீர்த்துவிடுங்கள்.